எந்தக் கதவைத் தட்டுவது? வாத நோய்களை ஐரோப்பிய சுகாதாரக் கொள்கைக்குள் கொண்டுசெல்லும் வழிகள்: ஓர் ஒப்பீடு

காலையில் எழுந்தால் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. விரல் மூட்டுகள் வீங்கியிருக்கின்றன. முக்கால் மணி நேரம் கழித்துத்தான் கை இளகுகிறது. விரல்கள் உள்ளங்கையோடு சேரும் மூட்டு வரிசையைப் பக்கவாட்டில் லேசாக அழுத்தினாலே வலி தாங்கவில்லை. குடும்ப மருத்துவர் அரை நிமிடத்தில் செய்துவிடக்கூடிய சோதனை இது. இப்படி வீக்கமும் வலியும் உள்ளவர், அறிகுறி தொடங்கிய 6 வாரத்துக்குள் வாதநோய் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். நோய் நீடிக்கும் ஆபத்து இருந்தால் 3 மாதத்துக்குள் மெத்தோட்ரெக்சேட் போன்ற, நோயின் போக்கையே மாற்றும் மருந்தைத் தொடங்கிவிட வேண்டும். யூலார் எனப்படும் ஐரோப்பிய வாதநோய்ச் சங்கங்களின் கூட்டமைப்பு 2016இல் புதுப்பித்த பரிந்துரை இதைத்தான் சொல்கிறது. மருந்து இருக்கிறது, விலையும் அதிகமில்லை. தாமதத்தில் அரித்துப்போன எலும்புதான் திரும்ப வராது.

இந்த 6 வாரம் ஐரோப்பாவின் பல நாடுகளில் இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது. அதை நடைமுறைக்குக் கொண்டுவர ஒரு நாட்டின் நோயாளர் சங்கம் எங்கே முட்ட வேண்டும்? சம்பளத்துக்கு ஒருவர், தன்னார்வலர் பத்துப் பதினைந்து பேர், ஓராண்டு. பெரும்பாலான சங்கங்களின் கையிருப்பு இவ்வளவுதான். எல்லாக் கதவையும் தட்டினால் எதுவும் திறக்காது. ஆகவே இருக்கிற வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் பெயர்ச் சிக்கல்

நம் பேச்சில் ‘வாதம்’ என்றால் பக்கவாதமும் வரும், கீல்வாதமும் வரும், சரவாங்கியும் (ரூமடாய்டு ஆர்த்ரைட்டிஸ்) வரும். ஐரோப்பாவிலும் இதே கதைதான். ஜெர்மானியர்கள் எந்த உடம்பு நோவையும் ‘ரொய்மா’ என்று சொல்லிவிடுவார்கள். இந்தக் குடையின் கீழ் 200க்கும் மேற்பட்ட நோய்கள் இருப்பதாக யூலார் கணக்கிடுகிறது. சரவாங்கி, லூப்பஸ், முதுகுத்தண்டை இறுக்கும் அழற்சி, யூரிக் அமிலத்தால் வரும் கௌட், மூட்டுத் தேய்மானம், நாள்பட்ட முதுகுவலி எல்லாமே அதில் அடக்கம்.

ஐரோப்பா முழுவதும் 12 கோடிப் பேர் என்று யூலார் சொல்லும் எண்ணிக்கை கூட்டத்தைக் கவனிக்க வைக்கும். ஆனால் கொள்கை மேசையில் அது அப்படியே எதிராகத் திரும்பும். “இத்தனை பேருக்கும் என்ன செய்யச் சொல்கிறீர்கள்?” என்று கேட்பார்கள். தேய்மானத்துக்கும் சரவாங்கிக்கும் தேவை வேறு வேறு. எனவே பெரிய எண்ணை முதல் வரியில் மட்டும் வையுங்கள். கோரிக்கை ஒரு நோய், ஓர் அளவுகோல் என்று இருக்கட்டும். பெரியவர்களில் ஏறத்தாழ 0.5 முதல் 1 விழுக்காட்டினருக்குச் சரவாங்கி இருக்கும். பெரியவர்கள் 1 கோடிப் பேர் உள்ள நாட்டில் அது 50,000 முதல் 1 லட்சம் பேர். ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் தன் தொகுதிக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடிய எண் இதுதான்.

பிரஸ்ஸல்ஸ்: எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது

பிரஸ்ஸல்ஸைத் தலைமையிடமாகக் கொண்ட ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்பாட்டு ஒப்பந்தத்தில் 168ஆம் பிரிவை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டுத்தான் ரயில் ஏற வேண்டும். எல்லாக் கொள்கைகளிலும் மக்கள் நலம் காக்கப்பட வேண்டும் என்று தொடங்கும் அந்தப் பிரிவு, 7ஆம் உட்பிரிவுக்கு வரும்போது மருத்துவச் சேவையை அமைப்பதும் நடத்துவதும் உறுப்பு நாடுகளின் பொறுப்பு என்று கோடு போட்டுவிடுகிறது. “எங்கள் மாவட்டத்துக்கு ஒரு வாதநோய்ப் பிரிவு வேண்டும்” என்று ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேட்டால் அவரால் அனுதாபப்பட மட்டுமே முடியும். பல சங்கங்களின் பயணக் காசு இந்த ஒரு தவறில்தான் கரைகிறது.

அவரால் செய்ய முடிந்தவை மூன்று: நிதித் திட்டத்தின் வாசகத்தைத் திருத்துவது, ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்துக்கு எழுத்துக் கேள்வி அனுப்புவது, தீர்மானத்தில் ஒரு பத்தி சேர்ப்பது.

ஒரு காலத்தில் எழுத்துப் பிரகடனம் என்று இன்னொன்றும் இருந்தது. 200 சொல்லுக்கு மிகாத உரை. மூன்று மாதத்துக்குள் பாதிக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் கையெழுத்திட்டால் நிறைவேறும். வாத நோய்களுக்கும் 2008இல் அப்படி ஒன்று நிறைவேறியது. அதற்காகக் கூட்டத்தொடர் நடக்கும் நாள்களில் தாழ்வாரத்தில் நின்று கையெழுத்து வாங்கியவர்களின் உழைப்பு சாதாரணமல்ல. ஆனால் அது ஆணையத்தைக் கட்டுப்படுத்தவில்லை. நாடாளுமன்றமே பின்னாளில் தன் விதிகளைத் திருத்தியபோது இந்தக் கருவியை நீக்கிவிட்டது. இப்போதும் பழைய வழிகாட்டிகளைப் பார்த்து ‘பிரகடனம் கொண்டுவருவோம்’ என்று திட்டமிடுகிறவர்கள் உண்டு. வேண்டாம்.

உண்மையில் நட்டம் நேர்ந்த இடம் வேறு. 2022 ஜூனில் ஆணையம் ‘ஹெல்த்தியர் டுகெதர்’ என்ற பெயரில் தொற்றா நோய்களுக்கான முன்முயற்சியைத் தொடங்கியது. அதற்கு ஐந்து கிளைகள்: நோய்க்குக் காரணமான வாழ்நிலைகள், இதயமும் இரத்தக் குழாயும், நீரிழிவு, நாள்பட்ட சுவாச நோய், மனநலமும் நரம்பும். புற்றுநோய்க்கு 2021 பிப்ரவரியிலேயே தனித் திட்டமும் 400 கோடி யூரோவும் வந்துவிட்டன. மூட்டு, தசை, எலும்பு எங்கும் இல்லை. பட்டியலில் பெயர் இல்லையென்றால் அதற்குப் பின் நடப்பது சிறுகச் சிறுகத் தெரியும். ஆண்டுத் திட்டத்தில் தலைப்பு வராது. நாடுகள் சேர்ந்து நடத்தும் கூட்டு நடவடிக்கை வராது. சுகாதார அமைச்சகத்தில் அந்த நோய்க்கென்று ஓர் அதிகாரி இருக்க மாட்டார். இதயத்துக்கும் நீரிழிவுக்கும் சேர்த்து ஜக்கார்டி என்ற கூட்டு நடவடிக்கை 2023இல் தொடங்கியது இந்தப் பட்டியலின் வழியாகத்தான்.

அடுத்த பட்டியல் நிதிச் சட்டத்தில்தான் தீர்மானமாகும். நலத்துக்கென்று தனியாக இருந்த இயூ4ஹெல்த் திட்டம் (2021 முதல் 2027 வரை) சுமார் 530 கோடி யூரோவில் தொடங்கி, 2024 இடைக்காலத் திருத்தத்தில் 100 கோடியை இழந்தது. 2028 முதல் 2034 வரைக்கான வரவுசெலவை ஆணையம் 2025 ஜூலையில் முன்வைத்தபோது, நலத்தை ஐரோப்பியப் போட்டித்திறன் நிதி என்ற பெரிய பெட்டிக்குள் போட்டுவிட்டது. ஆகவே நலக் குழுவிடம் மட்டும் பேசினால் போதாது; தொழில், வரவுசெலவுக் குழுக்களின் அறிக்கையாளர்களையும் (குழுவின் சார்பில் சட்ட வரைவைக் கையாளும் உறுப்பினர்கள்) பார்க்க வேண்டும். நலத்துக்கு என்று முழு அதிகாரமுள்ள நாடாளுமன்றக் குழு 2025 தொடக்கத்திலிருந்துதான் இயங்குகிறது என்பதும் நினைவிருக்கட்டும். அதற்கு முன் அது சுற்றுச்சூழல் குழுவின் கீழ் ஒரு துணைக் குழுதான்.

இங்கே வேலை செய்கிற முறை ஒன்று உண்டு. திருத்தத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். பக்கத்தை இரண்டு பத்தியாகப் பிரியுங்கள். இடப்பக்கம் ஆணையத்தின் வாசகம், ஒரு புள்ளிகூட மாறாமல். வலப்பக்கம் அதே வாசகம், நீங்கள் சேர்க்கும் சொற்கள் மட்டும் தடித்த சாய்வெழுத்தில். கீழே இரண்டு மூன்று வரி நியாயம். “இதய நோய், நீரிழிவு” என்று வரும் இடத்தில் “தசை, எலும்பு, மூட்டு நோய்கள்” என்று சேர்ப்பதுதான் முழுத் திருத்தமும். உறுப்பினரின் உதவியாளர் அதை அப்படியே பதிவேற்றிவிடலாம். எட்டுப் பக்க அறிக்கையைக் கொடுத்தால் அதைத் திருத்தமாக மாற்ற அவருக்கு நேரம் இருக்காது. அறிக்கையாளரின் வரைவு வெளியாவதற்கு முன்பே போய்ச் சேர வேண்டும்; வரைவில் இடம்பெற்ற சொல்லைக் காப்பது எளிது, இல்லாத சொல்லைப் புகுத்துவது கடினம்.

போவதற்கு முன், ஒன்றியத்திடம் கோரிக்கை வைக்கும் அமைப்புகளைப் பட்டியலிடும் வெளிப்படைத்தன்மைப் பதிவேட்டில் சங்கத்தைப் பதிவுசெய்யுங்கள். பதிவில்லாமல் முக்கியமான சந்திப்புகள் கிடைக்காது. வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதும் அங்கே தெரியும். மருந்து நிறுவனம் ஒன்றிடமிருந்தே பாதிப் பணம் வருகிறது என்றால் நீங்கள் சொல்லும் நியாயத்தை யாரும் கேட்க மாட்டார்கள். எந்தவொரு நிறுவனத்தின் பங்கும் ஐந்தில் ஒன்றைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தலைமை நாடு என்ற வாய்ப்பு

உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் கூடும் ஒன்றிய அமைச்சரவையின் தலைமை ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாடு மாறும். 2026இன் பிற்பாதி அயர்லாந்து, 2027 லித்துவேனியாவும் கிரீஸும், 2028 இத்தாலியும் லாத்வியாவும். அமைச்சர்கள் சேர்ந்து ஏற்கும் ‘முடிவுரைகள்’ சட்டமல்ல. ஆனால் ஆணையம் அவற்றைப் புறந்தள்ளுவதும் அரிது. ஹங்கேரியின் தலைமையில் 2024 டிசம்பரில் இதயநலம் பற்றிய முடிவுரைகள் ஏற்கப்பட்டன. அடுத்த ஆண்டு முழுவதும் ஆணையத்தின் நலப் பிரிவில் இதயத்துக்குத்தான் முன்னிடம்.

உங்கள் நாட்டின் முறை இரண்டு ஆண்டுக்குள் வருகிறது என்றால் மட்டும் இதில் இறங்குங்கள். தலைமை தொடங்குவதற்கு 12 முதல் 18 மாதம் முன்பே தலைப்புகள் முடிவாகிவிடும். தொடங்கிய பிறகு எழுதும் கடிதத்துக்கு மரியாதையான பதில் வரும், அவ்வளவே. முறை வராத நாட்டுச் சங்கம் வருகிற நாட்டுச் சங்கத்தோடு சேர்ந்து வேலை செய்யலாம். தனியாக முயல்வது வீண்.

வேலை, தொழில் சட்டம் என்ற பக்கவாசல்

எங்கள் கணிப்பில் இதுவே மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படும் வழி. மருத்துவச் சேவையில் கை கட்டப்பட்டிருக்கும் ஒன்றியத்துக்குப் பணியிடப் பாதுகாப்பில் உண்மையான அதிகாரம் இருக்கிறது. 1989இன் 391ஆம் எண் கட்டமைப்பு ஆணைச்சட்டம், 1990இல் சுமை தூக்குவதற்கும் கணினித் திரைக்கும் வந்த இரண்டு ஆணைச்சட்டங்கள் எல்லாம் நாடுகளைக் கட்டுப்படுத்துபவை. பில்பாவோவில் உள்ள ஐரோப்பியப் பணியிடப் பாதுகாப்பு முகமை, தொழிலாளர்களில் ஐந்தில் மூவர் தசை, எலும்புத் தொல்லை சொல்வதாகக் கணக்குக் காட்டியது. 2020 முதல் 2022 வரை இதற்கென்றே ஒரு பரப்புரையையும் நடத்தியது. சுகாதார அமைச்சரிடம் எடுபடாத எண், தொழில் அமைச்சரிடம் எடுபடும். விடுப்பு, ஓய்வூதியம், ஊனமுற்றோர் உதவித்தொகை எல்லாம் அவர் மேசைக் கணக்கு.

இதற்கும் எல்லை உண்டு. சிதறிக் கிடக்கும் விதிகளை ஒன்றாக்கி தசை, எலும்பு நோவுக்கென்று ஒரே ஆணைச்சட்டம் கொண்டுவரும் முயற்சி ஆண்டுக்கணக்கில் நடந்து, 2013 அக்டோபரில் ஆணையத்தால் கைவிடப்பட்டது. தொழில்களின் மேல் சுமை ஏறும் என்ற வாதம் அன்று வென்றது. ஆகவே புதுச் சட்டம் கேட்பதைவிட, இருக்கும் சட்டத்தைப் பயன்படுத்தச் சொல்வதுதான் வேகமான வழி.

அதற்கு நல்ல கருவி 2000ஆம் ஆண்டின் 78ஆம் எண் சமவேலை ஆணைச்சட்டம். அதன் 5ஆம் பிரிவு, ஊனமுற்ற பணியாளருக்கு முதலாளி தகுந்த ஏற்பாடு செய்து தர வேண்டும் என்கிறது. நாள்பட்ட நோய் ஊனமா என்ற கேள்விக்கு 2013 ஏப்ரல் 11 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் எச்கே டான்மார்க் வழக்கில் விடை சொன்னது. குணமாகக்கூடியதோ ஆகாததோ, நீண்டகாலம் ஒருவரை மற்றவர்களுக்குச் சமமாக வேலை செய்யவிடாமல் தடுக்கும் நோய் ஊனம் ஆகலாம். வேலை நேரத்தைக் குறைப்பதும் தகுந்த ஏற்பாடுதான். வழக்குக்குப் போனவர்களில் ஒருவருக்கு இடைவிடாத கீழ்முதுகு வலி. வாத நோயாளருக்கு இதைவிட நெருக்கமான தீர்ப்பு கிடைக்காது.

கோரிக்கையை இப்படி இறக்குங்கள்: தொழில் ஆய்வாளர்களுக்கான வழிகாட்டியில் அழற்சி மூட்டு நோய்க்கான ஏற்பாடுகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட வேண்டும். காலை இறுக்கம் விலகும்வரை தாமதமாகத் தொடங்கும் வேலை நேரம், தடித்த பிடியுள்ள கருவிகள், குரலால் தட்டச்சு, மருந்து ஏற்றும் நாளுக்கு விடுப்பு, முழு விடுப்புக்குப் பதில் பகுதி விடுப்பு. பின்லாந்தில் 2007 முதல் பகுதி நோய்விடுப்புப் படி இருக்கிறது, முன்மாதிரியாகக் காட்டலாம்.

மேசையில் வைக்க மத்ரீத் ஆய்வைவிட வலுவான காகிதம் குறைவு. 2005இல் வெளியான அந்த ஆய்வில், மூன்று சுகாதார மாவட்டங்களில் தசை, எலும்பு நோவால் விடுப்பில் போன 13,077 பேரை இரு குழுவாக்கினார்கள். ஒரு குழுவை வாதநோய் மருத்துவர்கள் தொடக்கத்திலேயே பார்த்து, நெறிமுறைப்படி சிகிச்சையும் விளக்கமும் கொடுத்தார்கள். மற்றக் குழுவுக்கு வழக்கமான கவனிப்பு. விடுப்பு சராசரியாக 41 நாளிலிருந்து 26 நாளாகக் குறைந்தது. நிரந்தரமாக வேலை இழந்தவர்கள் 1.3 விழுக்காட்டிலிருந்து 0.7 ஆனார்கள். சேமித்த பணம் செலவைத் தாண்டியது. செலவு சுகாதாரத் துறையில், சேமிப்பு சமூகக் காப்பீட்டில் என்பதுதான் சிக்கல். இரண்டு அமைச்சகங்களையும் ஒரே கூட்டத்தில் உட்கார வைக்காவிட்டால், இந்த ஆய்வைப் படித்துவிட்டு இருவருமே “நல்லது, அவர்கள் செய்யட்டும்” என்பார்கள்.

தலைநகர்: தேசியத் திட்டமா, தணிக்கையா?

போர்ச்சுகல் 2004இலேயே தேசிய வாதநோய்த் திட்டம் கொண்டுவந்தது. ஸ்பெயின் 2013இல் தேசிய உத்தி ஒன்றை வெளியிட்டது. இரண்டும் மதிக்கத்தக்க ஆவணங்கள். ஆனால் ஸ்பெயினில் மருத்துவத்தை நடத்துவது 17 தன்னாட்சி மாநிலங்கள். மத்தியில் எழுதிய உத்தி ஒவ்வொரு மாநிலத்திலும் மறுபடி பிறக்க வேண்டும். பணமும் காலக்கெடுவும் அளவுகோலும் இல்லாத தேசியத் திட்டம் அலமாரிக்குப் போய்விடும். ‘எங்களுக்கும் ஒரு திட்டம்’ என்று கேட்கும் முன், யார், எப்போதுக்குள், எந்த எண்ணை எட்ட வேண்டும் என்பதை எழுதித் தரத் தயாராக இருங்கள்.

பிரிட்டன் ஒன்றியத்தில் இருந்த காலத்தில் வேறொரு வழி திறந்தது. 2009 ஜூலையில், அரசுச் செலவைச் சரிபார்க்கும் தேசியத் தணிக்கை அலுவலகம் சரவாங்கிச் சேவையைத் தணிக்கை செய்தது. நிபுணரிடம் அனுப்பப்படுவதற்கு முன் ஒரு நோயாளி சராசரியாக நான்கு முறை குடும்ப மருத்துவரைப் பார்க்கிறார் என்று கண்டது. அறிகுறி தொடங்கிய 3 மாதத்துக்குள் சிகிச்சை பெறுவோரை 10இலிருந்து 20 விழுக்காடாக்கினால், முதல் ஐந்தாண்டில் சுமார் 1.1 கோடி பவுண்டு கூடுதல் செலவாகும், நாட்டின் உற்பத்தியில் 3.1 கோடி பவுண்டு லாபம் வரும் என்று கணக்கும் போட்டது. நோயாளர் சங்கம் சொல்வது கோரிக்கை. தணிக்கையாளர் சொன்னால் அதற்கு அரசு பதில் சொல்லியாக வேண்டும். அதன்பின் 3 வேலை நாளுக்குள் பரிந்துரை, 3 வாரத்துக்குள் நிபுணர் என்ற தரநிலை வந்தது. 2018இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒவ்வொரு மருத்துவமனையின் தாமதத்தையும் அளக்கும் தேசியத் தணிக்கை தொடங்கியது.

உங்கள் நாட்டுத் தணிக்கை அமைப்பு செயல்திறனையும் ஆராயும் மரபுள்ளதா என்று பாருங்கள். ஆம் என்றால், அடுத்த ஆண்டுக்கான தலைப்புகளை அது தேர்ந்தெடுக்கும் காலத்தில் நான்கு பக்கக் குறிப்பு அனுப்புங்கள். தபால் செலவில் கிடைக்கும் மிகப் பெரிய ஆயுதம் இது.

மீதி வழிகள், சுருக்கமாக

அக்டோபர் 12, உலக மூட்டழற்சி நாள், 1996 முதல் இருக்கிறது. ஊடகத்துக்கு ஒரு சாக்கு என்ற அளவில் நல்லது. ஆனால் விழிப்புணர்வு மட்டும் பெருகி மருத்துவர் எண்ணிக்கை பெருகாவிட்டால் வரிசை நீளும். முழங்கால் தேய்மானத்தோடு வருபவர்கள் இடத்தை நிரப்பிவிட, வீங்கிய கையோடு வருபவர் பின்னுக்குப் போவார். ஆகவே சுவரொட்டி அச்சடிக்கும் முன் குடும்ப மருத்துவருக்கு ஒரு பக்கப் பரிந்துரைப் படிவம் தயாராகட்டும். அதில் மூன்று கேள்வி போதும்: மூன்றோ அதற்கு மேலோ மூட்டுகளில் வீக்கமா, விரல் அடிமூட்டுகளை அழுத்தினால் வலியா, காலை இறுக்கம் 30 நிமிடமோ அதற்கு மேலோ நீடிக்கிறதா. இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் அவசரப் பரிந்துரை.

குடிமக்கள் முன்முயற்சிக்கு 12 மாதத்தில் 7 நாடுகளிலிருந்தாவது 10 லட்சம் கையெழுத்து வேண்டும். ஆணையம் பதில் சொன்னால் போதும், சட்டம் கொண்டுவர வேண்டியதில்லை. சிறு சங்கத்துக்கு இது மலையைக் கெல்லி எலியைப் பிடிக்கும் வேலை.

கோபன்ஹேகனில் இருக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகத்தில் 53 நாடுகள் உறுப்பினர்கள். செர்பியா, மால்டோவா, ஜார்ஜியா போன்ற ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாடுகளின் சங்கங்களுக்கு முதல் கதவு இதுதான். சொரியாசிஸுக்கு 2014இல் உலக சுகாதாரப் பேரவையின் தீர்மானம் கிடைத்தது. மறுவாழ்வுச் சிகிச்சைக்கு 2023இல் கிடைத்தது. இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு பேசலாம்.

லூப்பஸ், தோல் இறுகும் நோய் போன்ற அரிய நோய்களுக்கு 2017 முதல் இயங்கும் ரீகனெக்ட் என்ற ஐரோப்பிய வலையமைப்பு தனி வழி. சரவாங்கிக்கு அது பொருந்தாது.

எங்கள் பங்கீடு

ஓராண்டு உழைப்பைப் பத்துப் பங்காக்கினால் ஐந்தை உள்நாட்டில் 6 வார அளவுகோலுக்கும் தணிக்கைக்கும் வையுங்கள். மூன்று, தொழில் அமைச்சகத்துக்கு. இரண்டு பிரஸ்ஸல்ஸுக்கு, அதுவும் நிதிச் சட்டத்தின் வாசகம் முடிவாகும்வரைதான், யூலாரின் பிரஸ்ஸல்ஸ் அலுவலகத்தோடு சேர்ந்து. தலைமை நாடாக முறை வரப்போகும் நாட்டவர்கள் மட்டும் இதை மாற்றி, ஐந்தை அமைச்சரவைக்குக் கொடுக்கலாம்.

முதல் மாத வேலை ஒரே ஒரு கடிதம். தகவல் பெறும் சட்டத்தின் கீழ் சுகாதார அமைச்சகத்திடம் இரண்டு எண் கேளுங்கள்: குடும்ப மருத்துவர் பரிந்துரைத்த நாளிலிருந்து வாதநோய் மருத்துவர் முதன்முதலாகப் பார்த்த நாள் வரை எத்தனை நாள், மாவட்டவாரியாக, ஒரு லட்சம் பேருக்கு எத்தனை வாதநோய் மருத்துவர்கள். “அப்படி ஒரு விவரம் எங்களிடம் இல்லை” என்று பதில் வந்தாலும் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தணிக்கை அலுவலகத்துக்கு அனுப்பும் நான்கு பக்கத்தில் முதல் பக்கம் அதுதான்.